பெண்கள் வார்ட்டில் காப்புக்கட்டு

தோற்றுப்போகிற யோசனைகளால் யாருக்கும் பெரிய கெடுதல் வருவதில்லை. சொல்கிறோம், ஒருவரும் கேட்பதில்லை, டீயைக் குடித்துவிட்டுக் கலைந்து போகிறோம். எனக்குப் பயமெல்லாம் பலித்துவிடுகிற யோசனைகளைக் கண்டுதான். என் வாழ்க்கையில் அப்படி முழுதாகப் பலித்த யோசனை ஒன்றே ஒன்று. எங்கள் வீட்டில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் நான் இன்றைக்கும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். (அடுப்படிக்கும் கேட்கிற மாதிரிதான் பேசுவார்கள்.)

அப்போது இரத்தினபுரி டவுனில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் எனக்குப் புதிதாக வேலை கிடைத்திருந்தது. நிவித்திகலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். வேலையின் பெயர் தர மேம்பாட்டு உதவியாளர். நோயாளிகள் வாயில் அது நுழையாமல் 'கோலிட்டி மிஸ்' என்று ஆனது. அம்மாவோ, "எம்மவதான் அங்க தரம் பாக்குறவ" என்று எங்கள் வீட்டு வரிசையான லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் இலையைக் கிளறிப் பார்க்கிற மாதிரி நான் டாக்டர்களை ஒவ்வொருவராகக் கிளறிப் பார்ப்பேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

உண்மையில் என்னை வேலைக்கு எடுத்ததற்கு ஒரே காரணம், எனக்கு மூன்று மொழிகள் தெரியும் என்பது. ஆஸ்பத்திரி தரச்சான்றுக்கு விண்ணப்பித்திருந்தது. கொழும்பிலிருந்து மதிப்பீட்டாளர்கள் வருவார்கள், வார்ட் வார்டாகப் பார்ப்பார்கள், நோயாளிகளிடம் கேள்வி கேட்பார்கள். நோயாளியிடம் அவருடைய மொழியில்தான் கேட்க வேண்டுமாம், அதனால் தோட்டத்து ஆட்கள் சொல்வதை அவர்களுக்கு மொழிபெயர்க்க ஒருத்தி வேண்டும். சான்று கிடைத்தால் என் வேலை நிரந்தரம் என்று டிரெக்டர் சேர் சொன்னார். கிடைக்காவிட்டால் என்ன என்று கேட்டேன். அவர் ஜன்னல் வழியாக பஸ் ஸ்டாண்டைப் பார்த்தார்.

சான்றுக்கான விதிகளில் முதலாவது, நோயாளியின் மணிக்கட்டில் கட்டுகிற பட்டி. பிளாஸ்டிக்கில் செய்தது. பெயரும் பிறந்த தேதியும் அதில் இருக்கும். ஊசி போடுவதற்கு முன்னால், மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் மிஸ்ஸிமார் (எங்கள் பக்கம் தாதியரை அப்படித்தான் கூப்பிடுவோம்) அதைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். வீட்டுக்குப் போகிற வரைக்கும் அது கையை விட்டு இறங்கவே கூடாது. எங்களுக்கு வந்து சேர்ந்த பட்டிகள் நல்ல மஞ்சள் நிறம். அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

ஆண்கள் வார்ட்டில் ஒரு தொந்தரவும் இல்லை. வெளியே மாணிக்கக் குழியில் இறங்குகிற ஆம்பிளைகள்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏறியதும் பாதி உயிராகிவிடுவார்கள். கட்டினதைக் கட்டினபடி கிடப்பார்கள். பெண்கள் வார்ட்தான் என் உயிரை வாங்கியது. அங்கே பெரும்பாலும் தோட்டத்துப் பெண்கள். பட்டியைக் கட்டிவிட்டுத் திரும்பினால் அது கட்டில் கம்பியில் தொங்கும். கேட்டால், நனைந்தால் பெயர் அழிந்துவிடுமே என்பார்கள். ஒரு அம்மா அதைப் பத்திரமாக மடித்து அடையாள அட்டையோடு பர்சுக்குள் வைத்திருந்தார். மிஸ்ஸி கேட்கும்போது எடுத்துக் காட்டுவாராம்.

சிரிப்பதற்கு இல்லை. ஒருநாள் பேச்சுத்துணைக்காக இரண்டு பேர் கட்டில் மாறிப் படுத்துக்கொண்டார்கள். பட்டிகள் மட்டும் பழைய கம்பியிலேயே தொங்கின. மிஸ்ஸி பட்டியைப் பார்த்து, இன்சுலின் ஊசியோடு ஆள்மாறிப் போய் நின்றாள். "எனக்குச் சீனி வியாதி இல்லையே மிஸ்ஸி" என்று அந்தம்மா வாய் திறந்து சொன்னதால் தப்பித்தோம். ஊசி குத்துகிற இடத்தில் கேள்வி கேட்கிற பழக்கம் எங்கள் ஆட்களுக்கு இல்லை. கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அன்றைக்கு அவர் சொன்னது எங்கள் அதிர்ஷ்டம்.

மேட்ரன் என்னைக் கூப்பிட்டார். சிங்களப் பெண்மணி, கண்டிப்பானவர், வார்ட்டுக்குள் வந்தால் ஈ கூட ஓரமாகப் பறக்கும். உன்னுடைய ஆட்கள்தானே, உன் பாஷையில் சொல்லு, அடுத்த கிழமை கொழும்பு ஆட்கள் வருகிறார்கள் என்றார். நான் சொல்லாமலா இருந்தேன்? 'நோயாளி அடையாளப்படுத்தலின் முக்கியத்துவம்' என்று பாடப்புத்தகத் தமிழில் தினமும் சொற்பொழிவு நடத்திக்கொண்டுதான் இருந்தேன். அவர்களும் பயபக்தியோடு கேட்டுவிட்டு, நான் போனதும் பட்டியைக் கழற்றிக் கம்பியில் மாட்டினார்கள்.

அந்த நேரத்தில்தான் ராசம்மா அக்கா வந்து சேர்ந்தார். எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம். கோயில் திருவிழா என்றால் கொடியேற்றத்திலிருந்து பாத்திரம் கழுவுவது வரை முன்னால் நிற்கிறவர். வயிற்றில் கட்டி. கொழும்பிலிருந்து எப்போதாவது ஒருமுறை வருகிற சர்ஜன் வந்து ஆபரேஷன் செய்ய வேண்டும். அவர் வரும் நாளும் மதிப்பீட்டாளர்கள் வரும் நாளும் ஒன்றாகவே அமைந்திருந்தன. ராசம்மா அக்கா வந்த அன்றே வார்ட் முழுக்க அவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டுவிட்டது. அவருக்குப் பட்டி கட்டப் போனபோதுதான் என் மண்டைக்குள் அந்த வெளிச்சம் அடித்தது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"திருவிழாவுக்குக் காப்புக் கட்டுறோம்ல, இத அந்த மாதிரி நெனச்சுக்குங்க. வீட்டுக்குப் போற வரைக்கும் கழட்டக் கூடாது."

ராசம்மா அக்கா கட்டிலை விட்டு இறங்கினார். குழாயடிக்குப் போய் கை, கால், முகம் கழுவிக்கொண்டு வந்தார். முந்தானையை இழுத்துச் செருகி, இடது கையை நீட்டினார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் குழாயடிக்குப் போனார்கள். கிழக்கு எந்தப் பக்கம் என்று ஒருவர் கேட்டார். நான் ஜன்னலைக் காட்டினேன். (அது கிழக்குத்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.) கட்டும்போது சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். பயிற்சி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று நினைத்தேன். எங்கேயோ இடிக்கிறது என்று ஒரு துளி சந்தேகமாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அதற்குப் பிறகு தோட்டத்துப் பெண்கள் கையிலிருந்து ஒரு பட்டிகூட இறங்கவில்லை. மேட்ரன் திடீர் திடீரென்று வந்து கைகளைப் பிடித்துப் பார்த்தார். எல்லாக் கையிலும் மஞ்சள். கூட்டத்தில் டிரெக்டர் சேர் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, எப்படிச் சாதித்தாய் என்று கேட்டார். நோயாளிகளின் பண்பாட்டைப் புரிந்துகொண்டு பேச வேண்டும் சேர் என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். என்ன குரலில் சொன்னேன் என்பது இப்போதும் காதில் கேட்கிறது. அந்தக் குரலை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

முதலில் வந்தது மீன் பிரச்சினை. சமையலறையில் வேலை செய்கிற பந்துல அண்ணன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். பெண்கள் வார்ட்டுக்கு அனுப்புகிற மீனும் முட்டையும் தொடாமல் திரும்பி வருகின்றனவாம். வெள்ளிக்கிழமையாக இருக்கும் என்றேன். சனிக்கிழமையும் வந்தார், ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். உறைப்பைக் குறைத்துப் பாருங்கள் அண்ணன் என்று அனுப்பிவைத்தேன். பாவம், அந்த மனிதர் உறைப்பே இல்லாமல் சமைக்கத் தொடங்கி ஆண்கள் வார்ட்டிலும் திட்டு வாங்கினார்.

அடுத்தது ஃபரீதா உம்மா. டவுனில் துணிக்கடை வைத்திருப்பவரின் மனைவி. நான் காப்புப் பேச்சை எடுப்பதற்கு முன்பே ஒழுங்காகப் பட்டி கட்டியிருந்த ஒரே ஆள் அவர்தான். அவர் அதைக் கழற்றி, ஒரு காகிதத்தில் சுற்றி, என் கையில் மரியாதையாகக் கொடுத்தார். "கோவிச்சிக்காதீங்க மகள். இது உங்கட கோயில் சாமான் எண்டா எங்களுக்குக் கட்ட ஏலாது" என்றார். இது வெறும் பிளாஸ்டிக் என்று அவருக்கு நெடுநேரம் விளக்கினேன். கடைசியில் சம்மதித்துக் கட்டிக்கொண்டார், என்மேல் இரக்கப்பட்டு. வார்ட்டில் என்ன நடக்கிறது என்று அவருக்கு விளங்கியிருந்தது. எனக்கு விளங்கவில்லை.

மதிப்பீட்டு நாள் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். வார்ட்டுக்குள் நுழைந்தேன். கட்டில்கள் எல்லாம் காலி. விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. ஆட்கள் ஓடிவிட்டார்கள் என்றே நினைத்தேன். பிறகுதான் தரையைப் பார்த்தேன். சேலையை விரித்து வரிசையாகப் படுத்திருந்தார்கள், சேலைன் கம்பிகள் தலைமாட்டில் காவலுக்கு நின்றன. விளக்கை அணைத்ததும் இறங்குகிறார்கள், மேட்ரன் வருவதற்கு முன்னால் ஏறிவிடுகிறார்கள், இன்றைக்கு அசந்துவிட்டார்கள் என்று நைட் டியூட்டி மிஸ்ஸி தயங்கித் தயங்கிச் சொன்னாள். அந்தக் கிழமை ஒருவர்கூடக் கட்டிலிலிருந்து விழவில்லை என்று மேட்ரன் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். கட்டிலில் யாராவது படுத்திருந்தால்தானே விழுவதற்கு.

ஏன் அக்கா இப்படி என்று ராசம்மா அக்காவைக் கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"காப்புக் கட்டிக்கிட்டு மெத்தையில படுக்கலாங்களா மிஸ்?"

மீன் ஏன் திரும்பி வந்தது என்பது அந்த நொடியில் தெரிந்தது. காப்புக் கட்டினால் கவுச்சி ஆகாது. மெத்தை ஆகாது. இன்னும் ஒன்று ஆகாது, அது என் நினைவுக்கு வருவதற்குள் அட்டென்டன் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். ராசம்மா அக்காவை ஸ்கேனுக்குக் கொண்டுபோக வேண்டும். ஸ்கேன் அறை புதுக் கட்டடத்தில் இருந்தது. புதுக் கட்டடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம்.

காப்புக் கட்டினால் எல்லை தாண்டக் கூடாதே, இங்கே எல்லை அந்த ரோடு என்று ராசம்மா அக்கா சொல்லிவிட்டார். கெஞ்சினேன். சர்ஜன் மத்தியானம் வந்து பின்னேரம் போய்விடுவார், ஸ்கேன் பார்க்காமல் கத்தியைத் தொட மாட்டார், மறுபடி எப்போது வருவாரோ தெரியாது. அக்காவுக்கோ ராத்திரியிலிருந்து வலி கூடியிருந்தது. ஒரு கை வயிற்றை விட்டு எடுபடவில்லை. இது நிஜக் காப்பு இல்லை அக்கா, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கட்டுனதுக்குப் பெறகு அப்படிச் சொல்லக் கூடாதுங்க மிஸ். கட்டுன கையாலேயே அறுத்து விட்டீங்கன்னா நான் போறேன்."

அறுத்தால் போவார். ஆனால் அறுத்தால் கையில் பட்டி இல்லாத நோயாளியாகப் போவார், அதுவும் மதிப்பீட்டு நாளில், விதிகளில் முதலாவது விதியை மீறி. அறுக்காவிட்டால் என் வேலை நிரந்தரமாகும், அவர் கட்டி வயிற்றிலேயே இருக்கும். கடவுளே, யாராவது ஒரு முட்டாளுக்கு இப்படி ஒரு இக்கட்டு வரலாமா என்று நான் நின்றுகொண்டிருக்கும்போது, டிரெக்டர் சேரும் மேட்ரனும் புடைசூழ கொழும்பிலிருந்து வந்த மதிப்பீட்டாளர் மேடம் உள்ளே வந்தார். வெள்ளைப் புடவை, மெல்லிய குரல், சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. தரையிலிருந்து எழுந்துகொண்டிருந்த பெண்களைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். காலை உடற்பயிற்சி என்றேன். மேட்ரன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வைக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

மேடம் நேரே ராசம்மா அக்காவிடம் போனார். கையில் இது எதற்காகக் கட்டியிருக்கிறது என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். மாரியம்மனுக்குக் காப்பு என்றார் அக்கா. தன்னைச் சரியாக அடையாளம் காண்பதற்கும் தன் பாதுகாப்புக்கும் என்று சொல்கிறார், மேடம் என்று மொழிபெயர்த்தேன். மேடத்தின் முகம் மலர்ந்தது. இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டார். இந்த மிஸ்தான் கிழக்குப் பார்க்க நிறுத்திக் கட்டிவிட்டார் என்றார் அக்கா. ஊழியர்கள் தகுந்த பயிற்சி அளித்திருக்கிறார்கள் என்று மொழிபெயர்த்தேன். மேடம் ரொம்பவே மலர்ந்தார்.

நான் ஒன்றை மறந்துபோனேன். இது தமிழ் மட்டுமே போதுமான நுவரெலியாப் பக்கம் இல்லை. எங்கள் பக்கத்தில் சிங்களம் தெரியாத தோட்டத்து ஆள் கிடையாது. ராசம்மா அக்கா நிவித்திகலச் சந்தையில் சிங்களத்திலேயே பேரம் பேசி வியாபாரியை அழ வைக்கிறவர். நான் தடுமாறுகிறேன் என்று நினைத்து, எனக்கு உதவுவதற்காகவே அவர் சிங்களத்துக்கு மாறினார். மேடத்தைப் பார்த்து, நோனா, இந்த மிஸ் பாதியை விட்டுவிட்டுச் சொல்கிறார் என்று தொடங்கி, முகம் கழுவியது, மீனை விட்டது, தரையில் படுப்பது, எல்லை தாண்டாதது என்று ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். டிரெக்டர் சேர் சுவரைப் பிடித்துக்கொண்டார். எனக்கு மொழிபெயர்க்க எதுவும் மிச்சமிருக்கவில்லை.

மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இவருக்கு ஸ்கேன் எத்தனை மணிக்கு? இப்போது, மேடம் என்றேன். அடுத்து என்ன செய்வது என்று சொல்வது அவர் வேலை இல்லை. நான் வீரமாக ஒரு முடிவெடுத்தேன் என்று எழுத ஆசைதான். நடந்தது என்னவென்றால், ராசம்மா அக்கா வலியில் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்ததைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே கத்தரிக்கோல் கேட்டேன். இப்போது வேண்டாம் என்று மேட்ரன் பல்லைக் கடித்தார். சும்மா அறுக்கக் கூடாது, மஞ்சத் தண்ணி வேண்டும் என்று ராசம்மா அக்கா சொன்னார். பந்துல அண்ணன் ஒரு ஜக்கு நிறையக் கரைத்துக்கொண்டு ஓடி வந்தார். தன் சமையலறையிலிருந்து அந்த வார்ட் ஏதோ ஒன்றைக் கேட்டுவிட்டதே என்ற சந்தோஷம் அவருக்கு.

மந்திரம் சொல்ல வேண்டுமே? எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது நோயாளர் உரிமைகள் மட்டும்தான், மதிப்பீட்டுக்காக உருப்போட்டது. கண்ணை மூடிக்கொண்டு, 'தன் சிகிச்சை பற்றி அறியும் உரிமை நோயாளிக்கு உண்டு' என்று முணுமுணுக்க ஆரம்பித்தேன். ராசம்மா அக்கா தலை குனிந்து கேட்டுக்கொண்டார். அறுத்தேன். அவர் பட்டியைக் கண்ணில் ஒற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, சக்கர நாற்காலியை வேண்டாமென்று தள்ளிவிட்டு, ரோட்டைத் தாண்டி நடந்தே போனார். மேட்ரன் புதுப் பட்டியோடு பின்னால் ஓடினார். அக்கா கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். கடைசியில் மேட்ரனே ஸ்கேன் அறை வாசலில் நின்று, ஆள் இவர்தான் என்று சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று.

அதோடு முடிந்திருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். ஒருவருக்குக் காப்பு அறுத்தால் திருவிழா முடிந்தது என்று அர்த்தம். மற்றவர்களும் வரிசையாக வந்து கையை நீட்டினார்கள். மேடத்தின் கண் முன்னால், அத்தனை பட்டிகளையும் என் கையாலேயே அறுத்துப் போட்டேன். ஃபரீதா உம்மா, தன்னுடையதை மட்டும் விட்டுவைத்தால் நன்றாக இருக்காது என்று அவரே கழற்றி வைத்தார். திருவிழா முடிந்தால் அடுத்தது மஞ்சத் தண்ணி ஊற்றுவதுதானே? அதுவரை முனகிக்கொண்டு கிடந்த ஒரு பெண் எழுந்து ஜக்கைத் தூக்கினாள். முதல் வீச்சு எனக்கு. இரண்டாவது டிரெக்டர் சேருக்கு. மேடத்தின் வெள்ளைப் புடவைக்கும் கொஞ்சம் போனது. நான் தடுக்கப் பாய்ந்தேன், ஈரத் தரையில் கால் வழுக்கியது, மதிப்பீட்டாளரின் காலடியில் குப்புற விழுந்தேன்.

மணிக்கட்டு பிசகிவிட்டது. திரும்பி வந்திருந்த மேட்ரன், விதிப்படி என்னை நோயாளியாகப் பதிந்து, கையிலிருந்த புதுப் பட்டியில் என் பெயரை எழுதி என் கையில் கட்டினார். அந்த நேரத்தில் முழு வார்ட்டிலும் பட்டி கட்டியிருந்த ஒரே ஆள் நான்தான்.

ஸ்கேனில் கட்டி முறுக்கிக்கொள்ளத் தொடங்கியிருந்தது தெரிந்தது. அடுத்த தடவை வரை தாங்கியிருக்காது என்று சொல்லிவிட்டு சர்ஜன் அன்றே ஆபரேஷன் செய்தார். ராசம்மா அக்கா பிழைத்துக்கொண்டார். சான்று கிடைக்கவில்லை. டிரெக்டர் சேர் என்னைக் கூப்பிட்டு, உன்னைத் திட்டவும் முடியாமல் செய்துவிட்டாய் என்றார். அதைத் திட்டுகிற குரலில்தான் சொன்னார். என் வேலை நிரந்தரமாவது அடுத்த மதிப்பீடு வரை தள்ளிப்போனது. மஞ்சள் சேலையும் மஞ்சள் முகமுமாக, கட்டுப்போட்ட கையோடு பஸ்ஸில் ஏறினேன். எந்தக் கோயிலில் திருவிழா என்று கொண்டக்டர் கேட்டான். நிவித்திகல வரை அழுதுகொண்டே போனேன்.

அடுத்த வருடம் மறுபடியும் வந்தார்கள். இந்த முறை பட்டிகள் நீல நிறம். மொழிபெயர்க்க அவிசாவளையிலிருந்து வேறொரு பெண்ணை ஏற்பாடு செய்திருந்தார்கள். அன்றைக்கு மட்டும் நீ லீவு எடுத்துக்கொள், சம்பளத்தில் வெட்ட மாட்டோம் என்று டிரெக்டர் சேர் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். வீட்டிலிருந்தேன். சான்று கிடைத்தது. வேலையும் நிரந்தரமானது. சான்று வாங்கின அன்றைக்கும் எனக்கு லீவு கொடுத்துவிட்டு, சான்றோடு எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லா ஊழியர்களுக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள், எனக்கும்தான்.

அம்மா அதைக் கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டி வைத்திருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கிட்டப் போய் நின்று, என் முகத்தை அதில் தேடுவார்கள். கொஞ்ச நேரம் தேடவிட்டு, டீயை நீட்டிக்கொண்டே அம்மா ரொம்பப் பெருமையாகச் சொல்வார்:

"எம்மவ அதுல இல்லீங்க. அவ இல்லாததாலதான் அந்தச் சர்டிபிகேட்டே கெடச்சுது."